நிலுவை

விடியப்புறம் நாலரைக்குக் கட்டில் விளிம்பில்
சப்பாத்து நாடா கட்டக் குனிந்தபோதே
இடது தொடை சொல்லிவிட்டது:
இண்டைக்கு என்னைக் கணக்கில எடுக்காத.

வியாழன், கன்னியா தாண்டி ஹொரவபொத்தானை வீதியில்
தொண்ணூறு கிலோமீற்றர் சைக்கிள்.
வெள்ளி, பின்குடாவில் வள்ளத்துக்கு வள்ளம் ஆறு தரம் நீச்சல்.
காதுக்குள் இன்னும் உப்பு.
சனி ஓய்வென்று அட்டவணை சொன்னது.
சனி முழுக்க, நின்ற நிலையில்,
தங்கச்சி மகளின் பிறந்தநாளுக்கு
நூற்றிருபது ரோல்ஸ் பொரித்தேன்.

இளைப்பு வேறு, களைப்பு வேறு.
இளைப்பு நெஞ்சுக்கு வந்து நெஞ்சாலேயே போய்விடும்.
களைப்பு குடியேறும்.
நீந்தியது தோள்மூட்டில்,
மிதித்தது முழங்காலுக்கு மேலே,
ரோல்ஸ் குதிக்காலில்.

உப்புவெளிச் சந்தியில் விசில் ஊதினார்கள்.
"முதல் அஞ்சும் கதைச்சுக்கொண்டு ஓடுவம்" என்றாள் நஸ்லியா.
மூன்றாவதில் எனக்குக் கதை முடிந்தது.
போ என்று கை காட்டினேன்.
அவளுடைய மஞ்சள் முதுகு
சாம்பல்தீவுக் கருவாட்டு மணத்துக்குள் போய்ச் சின்னதாகியது.

இரக்கக்கண்டிப் பாலத்தில் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பெடியன்.
என் இலக்கத்தில் பச்சைக் கோடு கீறினான்.
பாதி.
கீழே களப்பு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது,
ஒரு அவசரமும் இல்லாமல்.

திரும்பினால் வெயில்.
ஏழரைக்கே இடது கன்னத்தில் தோசைக்கல்.

ஒன்பது வருசமாய் நான் லீசிங் கம்பெனியில்
அறவீட்டுப் பிரிவு.
தொலைபேசியில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்வது இது:
தவறின தவணை காணாமல் போகாது, ஐயா,
அடுத்த தவணையின்ர முதுகில ஏறி வரும்.
பதினாலாம் கிலோமீற்றரில்
தொடை அதையே எனக்குச் சொன்னது,
என் குரலில்,
அந்த 'ஐயா'வோடு சேர்த்து.

நடந்தேன்.

அப்போதுதான் பின்னால் நீல ஓட்டோ.
இலக்கத் தகட்டைப் பார்க்கவே தேவையில்லை.
குகேந்திரன். ஜூன் இல்லை, ஜூலை இல்லை.
"மிஸ், ஏறுங்கோ. சந்தியில விடுறன்.
ஒருத்தரும் பாக்கல்ல."
"முடிக்கவேணும்."
"ஆர் முடிக்கச் சொன்னது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஓடத் தொடங்கினேன்.
அவன் போகவில்லை.
கடல்பக்கமாய், என் வேகத்துக்கு,
முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தான்.
என் மேல் நிழல் விழுந்தது.
கூரையின் நிழல், அவன் தலையின் நிழல்,
முன்கண்ணாடியில் தொங்கும்
எலுமிச்சம்பழமும் மூன்று மிளகாயும் ஆடும் நிழல்.
இன்னும் பதினேழு தவணைக்கு
எங்கள் கம்பெனிக்குச் சொந்தமான நிழல்.

நன்றி சொல்ல மூச்சு இருக்கவில்லை.
இருந்திருந்தாலும்
என்ன சொல்லியிருப்பேனோ.

அலஸ்தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரச் சோடி கை நீட்டியது.
"ஹயர், மிஸ்" என்றான்,
மன்னிப்புக் கேட்கிற மாதிரி.
வெயில் பழைய இடத்தில் வந்து நின்றது.

பிறகு லைட் கம்பத்துக்கு லைட் கம்பம்.
ஒன்று ஓட்டம், ஒன்று நடை,
ஒன்றில் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஒரு நாய் கொஞ்சத் தூரம் வந்தது,
அதற்கும் சரிவரவில்லை.

இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
நஸ்லியா பாதி குடித்த செவ்விளநீரை நீட்டினாள்.
"அழுறியா?"
"வேர்வை."
கழுத்தில் பதக்கத்தோடு
இடுப்பளவு கடலில் போய் இருந்தோம்.
கால் இரண்டும் தண்ணீருக்கடியில்
யாரோ விட்டுப் போன சாமான் போல.

நாளை திங்கள்.
பத்து மணிக்குப் பட்டியலில் முதல் அழைப்பு அவனுக்கு.
எந்தக் குரலில் எடுப்பதென்று
கரைக்கு வரும் வரை யோசித்தேன்.
வீட்டுப் படி ஆறு.
பக்கவாட்டாய், ஒவ்வொன்றாய்,
சுவரைப் பிடித்தபடி ஏறினேன்.